ஸ்லீட்: மழையா, பனியா, ஆலங்கட்டியா?

பெசன்ட் நகரில் அறுபது வயதைத் தாண்டியவர்களின் போனை வாங்கிப் பார்த்தால், வானிலை ஆப்பில் பெரும்பாலும் இரண்டு ஊர்கள் இருக்கும். ஒன்று சென்னை. இன்னொன்று டொராண்டோ, சிகாகோ, நியூ ஜெர்சி அல்லது லண்டன். சென்னையை யாரும் பார்ப்பதில்லை, ஜன்னலைத் திறந்தாலே தெரிந்துவிடும். பார்ப்பதெல்லாம் பிள்ளைகள் இருக்கும் ஊரைத்தான். நவம்பரிலிருந்து மார்ச் வரைக்கும் அந்த இரண்டாவது ஊரின் பெயருக்குக் கீழே சில விசித்திரமான சொற்கள் வந்து போகும். ஸ்னோ, ஃப்ராஸ்ட் எல்லாம் சினிமா பார்த்தே பழகிவிட்டது. ஆனால் "ஸ்லீட்" என்று ஒன்று வரும்போதுதான் சிக்கல்.

"ஸ்லீட்னா என்னடா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டால், அந்தப் பக்கத்திலிருந்து வருகிற பதில், "அது ஒரு மாதிரி பனி மழைம்மா." அவ்வளவுதான். கேட்டவருக்கும் விளங்கவில்லை, சொன்னவருக்கும் முழுசாகத் தெரியாது. இந்தச் சொல்லைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். தோண்டத் தோண்ட, குழப்பத்தில் பாதி நம்முடையது, மீதிப் பாதி ஆங்கிலத்துடையது என்று தெரிந்தது.

முதலில் நம்ம பக்கத்துக் குழப்பம்

தமிழில் "பனி" என்ற சொல் செய்யாத வேலை இல்லை. மார்கழிக் காலையில் புல்நுனியில் நிற்கிற நீர்த்துளி பனி. எலியட்ஸ் பீச்சில் விடியற்காலை கண்ணை மறைக்கிற மூட்டமும் பனிதான். இமயமலையில் கிடப்பதும் பனி, டொராண்டோவில் கொட்டுவதும் பனி. நெகிழ்ந்துபோனவருக்குக் "கண்கள் பனித்தன" என்று எழுதுகிறோம். பழைய இலக்கியத்தில் பனித்தல் என்றால் நடுங்குதல் என்றும் பொருள் உண்டு.

இது மொழியின் குறை இல்லை. தொல்காப்பியம் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்து, அதில் இரண்டைப் பனிக்கே கொடுத்திருக்கிறது: மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. இந்த மண்ணில் விழுகிற பனிக்கு அந்தப் பாகுபாடே போதும். நுங்கம்பாக்கத்தில் வெப்பநிலை பதிவு செய்யத் தொடங்கியதிலிருந்து சென்னை கண்ட மிகக் குறைந்த அளவு 13.9 டிகிரி செல்சியஸ், 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும். இருபது டிகிரிக்கே மங்கி கேப்பும் மஃப்ளரும் கட்டிக்கொண்டு, "பனி இறங்குது, காதை மூடிக்கோ" என்று சொல்கிற ஊர் இது. இங்கே தண்ணீர் தானாக உறைவதற்கு வழியே இல்லை.

உறைந்த தண்ணீரை இந்த ஊர் கப்பலில் வரவழைத்துத்தான் பார்த்தது. பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை பிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றி அனுப்பினார். அதைச் சேமித்து வைக்க 1842இல் மெரினாவை ஒட்டிக் கட்டிய கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதால் இன்றைக்கு அது விவேகானந்தர் இல்லம். ஆனால் அந்தப் பகுதிக்கு இன்னமும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் பெயர். பொருளோடு சேர்ந்து பேரும் கப்பலில் வந்து இறங்கியதால், பேச்சுத் தமிழில் அது ஐஸ் ஆகவே தங்கிவிட்டது.

அதற்காகத் தமிழுக்கு உறைபனி தெரியவே தெரியாது என்றும் சொல்லக்கூடாது. ஊட்டிக்குப் போய்க் கேளுங்கள். "நீர்ப்பனி" வேறு, "உறைபனி" வேறு என்று தெளிவாகச் சொல்வார்கள். முதலில் நீர்ப்பனி ஆரம்பிக்கும். டிசம்பர், ஜனவரியில் அது உறைபனியாகும். குதிரைப் பந்தய மைதானம், தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல்வெளி முழுக்க உப்பைத் தூவியது போல் இருக்கும். தேயிலைக் கொழுந்து கருகிவிடும். தாவரவியல் பூங்காவில் அலங்காரச் செடிகளைக் கோத்தகிரி மிலார் கொண்டு மூடி வைப்பார்கள். அவர்களுக்கு அது பிழைப்பு சம்பந்தப்பட்டது என்பதால், இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது.

ஆனால் ஊட்டியின் உறைபனி ஸ்லீட் இல்லை. அது வானத்திலிருந்து விழுவதே இல்லை. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டு 0 டிகிரிக்குக் கீழே போகிறது. தரையை ஒட்டிய காற்றில் இருக்கும் ஈரம் புல்லின்மேல் நேராகப் படிகமாகப் படிந்துவிடுகிறது. "உறைபனி பொழிந்தது" என்று பத்திரிகையில் எழுதினாலும், அது படிந்ததுதான். ஸ்லீட்டுக்கு மேகம் வேண்டும். அது பொழிவது.

இப்போது ஆங்கிலத்தின் குழப்பம்

ஸ்லீட் என்ற சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே இரண்டு அர்த்தம். எந்தக் கடலுக்கு எந்தப் பக்கம் நின்று சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பிரிட்டனில் ஸ்லீட் என்றால் மழையும் ஸ்னோவும் கலந்து விழுவது. பாதி உருகின ஸ்னோ, சொதசொதவென்று, கோட்டில் விழுந்தவுடன் தண்ணீராகிவிடும். எரிச்சலூட்டும், ஆனால் பெரும்பாலும் பெரிய ஆபத்து இல்லை.

அமெரிக்காவில் ஸ்லீட் என்றால் கெட்டியான சின்னச் சின்ன ஐஸ் மணிகள். 5 மில்லிமீட்டருக்கும் குறைவான அளவு. தரையில் பட்டால் தெறிக்கும், கண்ணாடியில் பட்டால் சத்தம் போடும். கனடாவின் அதிகாரபூர்வ அறிவிப்புகளில் இதையே "ஐஸ் பெல்லட்ஸ்" என்று சொல்வார்கள்.

நாம் படித்தது பிரிட்டிஷ் ஆங்கிலம், அலமாரியில் இருப்பது ஆக்ஸ்ஃபோர்டு அகராதி. பிள்ளைகள் இருப்பதோ பெரும்பாலும் அமெரிக்காவிலும் கனடாவிலும். பெசன்ட் நகரில் உட்கார்ந்து அகராதியைப் புரட்டி "மழை கலந்த பனி" என்று படித்துவிட்டு, "சரி, நனையாம போயிட்டு வா" என்று சொன்னால், அங்கே பிள்ளை ஐஸ் மணிகள் உருள்கிற ரோட்டில் கார் ஓட்டிக்கொண்டிருப்பான்.

வேடிக்கை என்னவென்றால், ஜெர்மன் மொழியில் இந்தச் சொல்லின் உறவுச் சொல் ஆலங்கட்டியைக் குறிக்கிறது. ஆக, இந்தச் சொல் பிறந்த குடும்பத்திலேயே ஒவ்வொரு கிளையும் ஒவ்வொன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதனால்தான் விமான நிலையங்களின் வானிலை அறிக்கையில் ஸ்லீட் என்ற சொல்லே கிடையாது. மழைக்கு "ஆர்.ஏ.", ஸ்னோவுக்கு "எஸ்.என்.", இரண்டும் கலந்து வந்தால் இரண்டு குறியீட்டையும் சேர்த்து எழுதிவிடுவார்கள். ஐஸ் மணிக்கு "பி.எல்.", ஆலங்கட்டிக்கு "ஜி.ஆர்.". விமானி எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் குழம்பக்கூடாது, இல்லையா?

மேலே என்ன நடக்கிறது?

இதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும்: மழை பல நேரங்களில் மழையாகப் பிறப்பதில்லை. பெசன்ட் நகருக்கு நேர் மேலே சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை 0 டிகிரிதான், மே மாதத்து அக்னி நட்சத்திரத்திலும்கூட. நம் ஊரில் இடி மின்னலோடு கொட்டுகிற பெருமழையில் ஒரு பங்கு, உயரமான மேகத்தின் மேல்பகுதியில் ஐஸாகப் பிறந்து, இறங்குகிற வழியில் உருகி, நம் தலையில் தண்ணீராக விழுகிறது. வரும் வழி முழுக்கச் சூடு என்பதால், அது ஐஸாக இருந்த கதை நமக்குத் தெரிவதே இல்லை.

குளிர்நாட்டில் அந்த வழி அவ்வளவு நேரானது இல்லை. தெற்கிலிருந்து ஈரமான வெதுவெதுப்பான காற்று வரும்போது, தரையை ஒட்டிக் கிடக்கிற கனமான குளிர்காற்றை அதனால் தள்ள முடியாது. அதன் மேலே ஏறிக்கொண்டுவிடும். அப்போது வானம் மூன்றடுக்கு ஆகிறது: உச்சியில் குளிர், நடுவில் வெதுவெதுப்பு, அடியில் மறுபடி குளிர். உச்சியிலிருந்து கிளம்புகிற ஸ்னோ இந்த அடுக்குகளைத் தாண்டித்தான் கீழே வரவேண்டும்.

நடுவில் வெதுவெதுப்பான அடுக்கே இல்லாமல், வழி முழுக்கக் குளிராக இருந்தால் ஸ்னோ ஸ்னோவாகவே வந்து இறங்கும். மேலே எல்லாம் குளிராக இருந்து, தரைக்குப் பக்கத்தில் மட்டும் 0 டிகிரிக்குச் சற்று மேலே இருந்தால் பாதி உருகி வரும். இது பிரிட்டிஷ் ஸ்லீட்.

நடுவில் வெதுவெதுப்பு இருந்து, அங்கே பாதி உருகி, அடியில் இருக்கும் குளிர் அடுக்கு தடிமனாக இருந்தால், விழுகிற வழியிலேயே மறுபடி உறைந்து மணியாகிவிடும். இது அமெரிக்க ஸ்லீட்.

நடுவில் முழுசாக உருகித் தண்ணீராகி, அடியில் இருக்கும் குளிர் அடுக்கு மெல்லியதாக இருந்தால், உறைய நேரம் கிடைப்பதில்லை. 0 டிகிரிக்குக் கீழே போன தண்ணீர், தண்ணீராகவே தரைக்கு வருகிறது. எதைத் தொடுகிறதோ அதன்மேல் அந்தக் கணமே ஐஸாகப் படிகிறது. இதற்குப் பெயர் ஃப்ரீசிங் ரெயின்.

"0 டிகிரிக்குக் கீழே தண்ணீர் எப்படித் தண்ணீராக இருக்கும்?" என்று கேட்பீர்கள். இதற்குத் தமிழிலேயே விடை இருக்கிறது. பாலைச் சும்மா வைத்தால் ஒழுங்காகத் தயிர் ஆகாது, உறை ஊற்ற வேண்டும். தண்ணீரும் அப்படித்தான். உறைவதற்கு ஒரு தொடக்கம் வேண்டும்: ஒரு தூசி, ஒரு படிகம், ஒரு ஐஸ் துணுக்கு. மிகச் சுத்தமான நுண்துளிகளை மைனஸ் 38 டிகிரிக்குப் பக்கம் வரை உறையாமல் வைத்திருக்க முடியும் என்பது ஆய்வுக்கூடத்தில் கண்டது. பாதி உருகின ஸ்னோவின் நடுவில் மிச்சம் இருக்கும் ஐஸ் துணுக்குதான் உறைமோர். அது இருந்தால் துளி சீக்கிரம் மணியாகிவிடும். முழுசாக உருகிப்போனால் உறைமோர் இல்லை. துளி தரைக்கு வந்து, ரோட்டையோ மரக்கிளையையோ மின்கம்பியையோ தொட்ட பிறகுதான் உறையும்.

ஆலங்கட்டி இந்த வரிசையில் சேராது. அது இடிமேகத்துக்குள், மேல்நோக்கி வீசுகிற காற்றில் தூக்கப்பட்டு, சுற்றிலும் ஐஸ் ஏறி ஏறி வளர்வது. பெரும்பாலும் கோடைச் சமாச்சாரம். நம் ஊரிலும் எப்போதாவது விழும், பிள்ளைகள் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்ளும். அதனால்தான் அதற்குத் தமிழில் "ஆலி" என்ற பழைய சொல் இருக்கிறது. ஸ்லீட்டை "ஆலங்கட்டி மழை" என்று மொழிபெயர்த்தால் தவறு.

சொல் குழப்பம் ஏன் முக்கியம்?

எது ஆபத்து என்று வரிசைப்படுத்தினால், பார்வைக்கும் ஆபத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஸ்னோ பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரிவதால் ஜாக்கிரதையாக இருப்போம். ஐஸ் மணி சத்தம் போடும், முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி ஜன்னலில் கேட்கும். அதுவும் எச்சரிக்கைதான். ஃப்ரீசிங் ரெயின் மட்டும் சாதுவாக இருக்கும். ஜன்னல் வழியே பார்த்தால் சாதாரண மழை. அடையாறில் பெய்கிற தூறல் மாதிரியே இருக்கும்.

சென்னையிலிருந்து போன ஒருவருக்கு, அங்கே காண்கிற குளிர்காலக் காட்சிகளிலேயே மிகவும் பழக்கமானதாகத் தெரிவது இதுதான். "அப்பாடா, ஸ்னோ நின்னு மழை வந்துடுச்சு" என்று நிம்மதியாக வெளியே கால் வைப்பார். வாசற்படியில் கண்ணாடித்தாள் போல் ஐஸ். இடுப்பெலும்பு, மணிக்கட்டு முறிவதெல்லாம் இப்படித்தான். ரோட்டில் அதுவே பிளாக் ஐஸ் எனப்படும். ஐஸ் கறுப்பு இல்லை, அது தெளிவாக இருப்பதால் கீழே இருக்கும் தாரின் கறுப்பு தெரிகிறது. "ரோடு ஈரமா இருக்கு" என்றுதான் தோன்றும்.

தமிழர்கள் பெருமளவில் வாழும் டொராண்டோவில் இது எந்த அளவுக்குப் போகும் என்று 2013 டிசம்பரில் தெரிந்தது. கிறிஸ்துமஸுக்கு மூன்று நான்கு நாள் முன்னால் பெய்த ஃப்ரீசிங் ரெயினில் மரக்கிளைகள் ஐஸ் பாரம் தாங்காமல் முறிந்து மின்கம்பிகளின்மேல் விழுந்தன. நகரத்தில் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. ஸ்கார்பரோவும் தப்பவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்தும் பல வீடுகள் இருட்டில்தான் இருந்தன. அங்கே மின்சாரம் இல்லையென்றால் பல வீடுகளில் ஹீட்டரும் இல்லை.

அதற்கு முன்னால் 1998 ஜனவரியில் மாண்ட்ரியாலைச் சுற்றிலும் கிழக்கு ஒன்டாரியோவிலும் நடந்தது இன்னும் பெரிசு. சில இடங்களில் ஐந்தாறு நாளில் 100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. 30,000க்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன, பெரிய இரும்புக் கோபுரங்களே மடங்கிச் சரிந்தன. லட்சக்கணக்கானவர்கள் நாள்கணக்கில், சிலர் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தார்கள். ராணுவத்தை இறக்க வேண்டியிருந்தது.

100 மில்லிமீட்டர் என்றால் 10 சென்டிமீட்டர். 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்ததைப் பார்த்தவர்கள் நாம். 10 சென்டிமீட்டர், அதுவும் ஐந்தாறு நாளில், நமக்கு ஒரு மழையா என்று தோன்றும். வித்தியாசம் இதுதான்: நம் மழைக்கு வழிவிட்டால் ஓடிப்போகும். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் என்று ஏதோ ஒரு வழி. அந்த மழை விழுந்த இடத்திலேயே தங்கிவிடும். ஒவ்வொரு துளியும் கம்பியில் பாரமாக ஏறிக்கொண்டே இருக்கும். நம்மைத் தேங்கின தண்ணீர் முடக்குகிறது, அவர்களை ஓடாத தண்ணீர் முடக்குகிறது.

தெரிந்துவைத்துக்கொள்ளச் சில விஷயங்கள்

போனில் என்ன சொல் வருகிறது என்பதோடு, வெப்பநிலை 0 டிகிரிக்கு எந்தப் பக்கம் என்றும் பாருங்கள். ஸ்லீட் என்று போட்டு 2 டிகிரி என்றால் சொதசொதப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். மைனஸில் இருந்தால் ஐஸ் மணியாக இருக்கலாம். மழை என்று போட்டு மைனஸில் இருந்தால் அதுதான் மிக மோசம். ஸ்லீட் எச்சரிக்கை ஃப்ரீசிங் ரெயினாக மாறுவதும் சகஜம். நடு அடுக்கு கொஞ்சம் சூடானாலோ, அடி அடுக்கு கொஞ்சம் மெலிந்தாலோ போதும். பத்து கிலோமீட்டர் தள்ளி வேறொன்று விழும். அதனால்தான் அமெரிக்க அறிவிப்புகளில் "விண்ட்ரி மிக்ஸ்" என்று பொத்தாம்பொதுவாக ஒரு சொல் வருகிறது. எதுவும் வரலாம் என்று அர்த்தம்.

அங்கே ரோட்டில் உப்புத் தூவுவார்கள். தத்துவம் குல்ஃபி வண்டிக்காரருக்குத் தெரிந்ததுதான். பானையில் ஐஸோடு உப்பைப் போட்டால், உப்புக் கலந்த தண்ணீர் 0 டிகிரிக்குக் கீழேயும் உறையாமல் இருக்கும். ரோட்டிலும் அதே வேலை. ஆனால் மைனஸ் 10, 15 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண உப்புக்குப் பலம் போதாது. "உப்புப் போட்டிருக்காங்க" என்பது முழுப் பாதுகாப்பு இல்லை.

மின்சாரம் போனால் கரி அடுப்பையோ பார்பிக்யூவையோ வீட்டுக்குள் மூட்டக்கூடாது. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கராஜிலோ ஓட்டக்கூடாது. குளிருக்காக எல்லாக் கதவையும் அடைத்துவைத்த வீட்டில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் வாசனையே தெரியாமல் ஆளைக் கொல்லும். புதிதாகப் போகிற மாணவர்களுக்கு அப்பளத்தையும் பருப்புப் பொடியையும் கட்டிக் கொடுக்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லி அனுப்பலாம்.

தமிழில் என்ன சொல்லலாம்?

கனடாத் தமிழர் பேச்சில் "ஸ்னோ கொட்டுது" என்பது இயல்பாகிவிட்டது. அது நல்ல தமிழ்தான். "பனி"யின் சுமையைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது. அதே மாதிரி மற்றவற்றையும் பிரித்துக்கொண்டால் நல்லது என்று நினைக்கிறேன்.

பிரிட்டிஷ் ஸ்லீட்டுக்கு "பனி கலந்த மழை" போதும். அமெரிக்க ஸ்லீட்டுக்குப் "பனிக்குருணை" என்று சொல்லிப் பார்க்கலாம். குருணை அரிசியைப் பார்த்தவர்களுக்கு அளவு, கெட்டி, தெறிப்பு, சத்தம் எல்லாம் உடனே புரிந்துவிடும். ஃப்ரீசிங் ரெயினுக்கு "உறைமழை". இதில் பனி என்ற சொல்லே வரக்கூடாது என்பது என் எண்ணம். பனி என்று சொன்னால் வெள்ளையாக, மெத்தென்று ஏதோ விழுகிறது என்று மனசு நினைத்துக்கொள்ளும். விழுவது மழை. உறைவது நாம் கால் வைக்கிற இடத்தில்.

இந்த மூன்று சொல்லும் அகராதியில் ஏறுமா என்பது வேறு விஷயம். அடுத்த முறை "ஸ்லீட்டும்மா" என்று பதில் வந்தால், "குருணையா, உறைமழையா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் அந்தப் பக்கம் ஒரு தடவை ஜன்னலைத் திறந்து காது கொடுத்துக் கேட்பார்கள். சத்தம் கேட்டால் மெதுவாகப் போகலாம். சத்தமே இல்லாமல் மழை பெய்து, வெளியே மைனஸ் 1 என்றால், அன்றைக்கு வீட்டிலேயே இருக்கச் சொல்லுங்கள்.